மைனஸ் ஒரு டின் எண்ணெய்

சந்தேகப்படுவதில் எனக்கு அபாரத் திறமை உண்டு. கல்யாண வீட்டில் பாயசத்தைத் தாராளமாக ஊற்றினால்கூட, பால் திரிந்துவிட்டதோ என்று முகர்ந்து பார்ப்பேன். இந்தத் திறமையோடு பி.எஸ்ஸி. கணிதமும் சேர்ந்துகொண்டதுதான் வினை.

மாமாவுக்கு இரண்டு சிப்ஸ் தொழிற்கூடங்கள். ஒன்று பாறசாலையில், மற்றது ஆரியங்கோட்டில். இரண்டிலும் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் வறுப்பார்கள். ஆரியங்கோட்டில் மட்டும் எண்ணெய்ச் செலவு குறைவு. காரணத்தைக் கண்டுபிடித்து இரண்டையும் சமன்செய்யும் பொறுப்பை, படித்துவிட்டு அவருடைய ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் ஒப்படைத்தார்.

ஒரு மூட்டை ஏத்தங்காய் சிப்ஸுக்கு x டின் எண்ணெய், மரச்சீனிக்கு y டின் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பாறசாலையில் ஏத்தங்காய் இரண்டு மூட்டை, மரச்சீனி ஒன்று. செலவு ஐந்து டின். ஆரியங்கோட்டில் ஏத்தங்காய் ஒன்று, மரச்சீனி இரண்டு. செலவு ஒரே டின். இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் x மூன்று, y மைனஸ் ஒன்று. அதாவது, மரச்சீனியை வறுத்தால் மூட்டைக்கு ஒரு டின் எண்ணெய் நமக்கே திரும்பக் கிடைக்கும்.

புத்தியுள்ளவன் அங்கேயே பேனாவை மூடியிருப்பான். நானோ துள்ளிக் குதித்தேன். பதிவேட்டில் ஏறாத எண்ணெய் வெளியிலிருந்து வருகிறது. மலிவான பாமாயில்தான், சந்தேகமே இல்லை. (வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.)

ஆரியங்கோட்டுப் பொறுப்பாளர் லீலா அக்காவுக்கு அங்கே பன்னிரண்டு வருட வேலை. கலப்படம் என்றால் அந்த வேலை போய்விடும் என்று தெரிந்தே, மாமாவைக் கூட்டிப் போய், எல்லார் முன்னாலும் தாளை நீட்டினேன்.

"வெளிய இருந்து எண்ணெய் வருது. கொண்டு வாற ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா தாளைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மாமா முன்னால் வைத்தார்.

"ஆளு உண்டு. தெனமும் மத்தியானம் ஸ்கூட்டர்ல கால்மாட்டுல ரெண்டு டின்னு வச்சி கொண்டு வாறான். நீயாக்கும் மக்கா."

பாறசாலையில் ஏத்தங்காய் வறுத்து மிஞ்சிய எண்ணெயில்தான் அங்கே மரச்சீனி வறுப்பது வழக்கமாம். சொந்த எண்ணெய்தானே என்று யாரும் எழுதவில்லை. பில்லை மட்டும் பார்க்கும் மாமாவுக்கும் தெரியாது. சோப்புக்காரருக்குப் போகும் கழிவு என்று நினைத்துச் சுமந்தவன் நான். (பேண்ட்டெல்லாம் எண்ணெய்க் கறை என்று அம்மாவிடம் திட்டும் வாங்கியிருந்தேன்.) அந்த இரண்டு டின்னைப் பாறசாலையில் கழித்து ஆரியங்கோட்டில் கூட்டினால், x ஒன்று, y ஒன்று.

மாமா சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எலே, ஸ்கூட்டர் சாவிய இஞ்ச தா."

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை.

பதில் என் கல்யாணத்தன்று வந்தது. ஒரு மூட்டை மரச்சீனி சிப்ஸும் ஒரு காலி டின்னும் பரிசு. "வறுத்ததாக்கும் மக்கா. மூட்டைக்கு ஒரு டின்னு எண்ணெய் வரும், புடிச்சி வச்சிக்க."

அந்த டின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் யாரையாவது சந்தேகப்பட்டு வாயைத் திறந்தால் போதும், மனைவி அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிடுகிறாள்.