சனிக்கிழமைக் காய்கறிப் பெட்டி

“பத்மா, பாயசத்துல என்ன மிதக்குது?”

“பூசணிக்காய்தான். பேசாம குடிங்க.”

விஸ்வலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். துறைமுக அலுவலகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கினாலும் அசராத மனிதர், வாரம் ஒரு பெட்டிக் காய்கறியிடம் தோற்றுப்போயிருந்தார்.

“அந்தம்மாகிட்ட போதும்னு சொல்லிடேன்.”

“சொல்லி, வந்த சம்பந்தம் முறிஞ்சு போகட்டுமா?”

அதுதானே சிக்கல். மகள் கமலாம்பிகையைக் கெப்பாலா பத்தாஸ் ஊர் வடிவம்மாளின் மகனுக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாகிவிட்டது, சாதகமும் பொருந்திவிட்டது. ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று போன வடிவம்மாளிடமிருந்து பதிலைத்தான் காணோம். பதிலுக்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் பெட்டி வந்தது. பெண் வீட்டார் முந்திக்கொண்டு போன் செய்து கேட்பதும் முறையில்லை.

“வேன்காரர் கொடுத்துட்டுப் போனாரும்மா. அவங்க தோட்டத்துக் காயாம்,” என்று கமலாதான் கீழேயிருந்து தூக்கி வருவாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஆறாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. முழங்கால் வலிக்காரி பத்மாவதி இறங்குவதேயில்லை. பின்பக்கப் படியில் பெட்டியோடு மகள் ஏறி வர வெகுநேரமாகும். பாவம், முகமெல்லாம் சிவந்துபோயிருக்கும்.

காலிப் பெட்டியைச் சும்மா திருப்பிக் கொடுக்கலாமா? பத்மாவதி அதில் இனிப்பான பயத்தம் பணியாரம் அடுக்கி அனுப்பினாள். அடுத்த வாரம் அதைவிடப் பெரிய பெட்டி வந்தது.

கத்தரிக்காயைச் சட்டி நிறையப் பக்கத்து வீட்டுச் சல்மாவிடம் தள்ளிவிட்டாள். சல்மாவின் கணவர் ஹனீபா நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர். மறுநாள் சட்டி திரும்பி வந்தது, நிறைய டால்ச்சாக் குழம்போடு. அதற்குள் அதே கத்தரிக்காய்.

“வெறும் சட்டியை எப்படிக்கா கொடுக்கிறது?” என்றாள் சல்மா.

கடைசியில் பத்மாவதி ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள். “கமலா, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, கத்தரிக்காய் பூசணியெல்லாம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு வேன்காரர்கிட்ட சொல்லிவிடு.”

அடுத்த சனிக்கிழமை இரண்டு பெட்டிகள் வந்தன. பாகற்காய், சுரைக்காய், கட்டுக் கட்டாக வல்லாரை. எல்லாம் நோயாளிக்கு உகந்தவை.

“இனி நிஜமாவே படுத்துடுவேன்,” என்றார் விஸ்வலிங்கம்.

அதற்கடுத்த சனிக்கிழமை, கமலா பெட்டி வாங்கக் கீழே போயிருந்த நேரம், வாசலில் மணி அடித்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த விஸ்வலிங்கத்தின் முகம் வெளுத்தது.

“பத்மா! வடிவம்மாள்!”

வீட்டுக்குள் வாடிய காயும் அழுகிய கீரையும். இதைக் கண்டால், அன்பாய் அனுப்பியதை அழுகவிட்ட வீட்டில் எந்தத் தாய் பெண் எடுப்பாள்? வல்லாரை துணி வாளிக்குள் போனது. பாகற்காய் குளியலறைக்குள் போனது. பெரிய பூசணியை மட்டும் விஸ்வலிங்கம் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

வடிவம்மாள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். சோபா அமுங்கியது. பூசணிக்காய் மெல்ல உருண்டு வெளியே வந்து, அவர் காலடியில் நின்றது.

பத்மாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க ஆசையா அனுப்பின காயை எங்களால தின்னு முடிக்க முடியல.”

“நான் அனுப்பின காயா?” வடிவம்மாள் விழித்தார். “எங்க வீட்டுல கறிவேப்பிலைகூடத் துளிர்க்காதே! நான் வந்தது உங்க பணியாரத்தை நிறுத்தச் சொல்ல. வாரா வாரம் என் மகன் ஆபீசுக்கு யார்கிட்டயோ கொடுத்து அனுப்புறீங்களாமே. எங்க வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி. வேணாம்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நானே தின்னு தின்னு, ஒரு ரவிக்கையும் பத்தல.”

“அப்ப... கல்யாணப் பேச்சு?”

வடிவம்மாள் பெருமூச்சு விட்டார். “உங்க பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க ஸ்ரீஸ்கந்தராஜாவை நினைச்சுத்தான் யோசனை. ஊமைச்சாமி. பெண் பிள்ளைன்னா தரையைப் பார்ப்பான். நாலு வார்த்தை பேசத் தெரியாதவனைக் கட்டிக்கிட்டு உங்க மகள் என்ன பாடுபடுவாளோ!”

அப்போது இடுப்பில் பெட்டியோடு சல்மா உள்ளே வந்தாள்.

“பத்மாக்கா, இந்தாங்க உங்க பெட்டி. கமலாவும் காய்கறித் தம்பியும் படியில உட்கார்ந்து பேச ஆரம்பிச்சா எப்ப முடியும்? அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன்.”

பெட்டியை இறக்கி வைத்து நிமிர்ந்தவள், வந்திருந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“அட, அந்தத் தம்பிக்கு அப்படியே இவங்க மூக்கு லா!”