அம்பிட்டிய வீட்டுக் கண்ணாடி ஓடு

என் அறிவாளித்தனத்தால் எனக்கு நேர்ந்த கேடுகளில் பாதிக்கு மனைவி சாட்சி. மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது.

யுத்தகாலத்தில் அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகச் சொல்லும் அடையாள அட்டையோடு கண்டியில் வீடு தேடி, ஏழு கதவுகள் சாத்தியபின் திறந்தது இந்த ஒன்றுதான். மலைச்சரிவில் பகலிலும் இருட்டு; காலையில் போட்ட பல்ப் படுக்கும்வரை எரியும். சரிவில் மேலே குடியிருந்த வீட்டுக்காரச் சிங்கள நோனாவுக்கும் எங்களுக்கும் ஒரே மின்மீற்றர். இனிப் பகலில் லைட் எரிந்தால் வீட்டை விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தால் தீர்ந்தது என்று கண்டுபிடித்தேன். (வாடகை வீட்டை யார் திருத்துவது என்று இரு தரப்பும் காலமெல்லாம் முகம் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தியாகி.) நோனாவை அசத்துவதற்காக அவரிடம் சொல்லவில்லை. வெயில் வரும் திசைக்கு அம்புக்குறி போட்டு, தமிழில் அளவெழுதி, வரைபடமும் தயாரித்தேன்.

“இஞ்சேருங்கோ, இந்த நாளில கூரையில நிண்டால் சனம் என்ன நினைக்கும்?” என்றாள் மனைவி.

“வீடு திருத்திறான் எண்டு நினைக்கும்.”

ஞாயிறு காலை ஏறினேன். ஒன்றைப் பதித்துவிட்டு நிமிர்ந்தால், கீழ்த்தெருச் சோதனைச்சாவடி தெளிவாகத் தெரிந்தது. சாவடிக்கும் நான் தெளிவாகத் தெரிந்திருக்கிறேன். சற்றுநேரத்தில் ஏணியடியில் பொலிஸ் ஜீப்.

சட்டைப்பையில் இருந்த வரைபடத்தை விரித்த சார்ஜன்ட், அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்றார். சூரியனை என்றேன். உண்மை இவ்வளவு பொய்யாக ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்குள் நடத்தினார். மனைவி என் சேர்ட் ஒன்றை மடித்துப் பையில் வைத்தாள்.

நோனா மூச்சிரைக்க வந்தார்.

“நான்தான் ஏறச் சொன்னேன்,” என்றார் சிங்களத்தில். நான் கூரையில் கைவைத்ததே அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

சார்ஜன்ட் தரையில் விழுந்திருந்த வெயில் சதுரத்துக்குள் போய் நின்று, என் அட்டையை நிதானமாகப் படித்தார். சுவிட்சைத் தேடவில்லை. பிறகு அட்டையைத் திருப்பித் தந்து, நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஓட்டு வெளிச்சத்தில் முதலில் வாசிக்கப்பட்டது நான்தான்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓடு. நோனா ஏணியைப் பிடித்தபடி, யாரும் கேட்காமலே, தெரு முழுக்கக் கேட்க மின்சாரச் சிக்கனம் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போதும் பல்ப் மாற்ற நான் ஸ்டூலில் ஏறினால் மனைவி சொல்வாள்: “ஐடென்ரிக் காட்டை எடுத்துக்கொண்டு ஏறுங்கோ.” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பேன்.