காவாந்தண்டலத்தில் குடியேறிய கிரேக்க சாமிகள்

உத்திரமேரூர் தாலுகாவில் ஜீயஸுக்குப் பொங்கல் வைத்த ஒரே மனிதர் ஒலிம்பிக்தான். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மற்ற தாலுகாக்களை நான் விசாரிக்கவில்லை.

ஒலிம்பிக் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. எங்கள் காவாந்தண்டலத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு டிராக்டரும் வைத்திருந்தார்; சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் உழவு ஓட்டுவார். தன்னுடைய சாமிகள் ஒலிம்பஸ் என்கிற மலையில் குடியிருப்பதாக ஒருநாள் டீக்கடையில் சொல்லிவிட்டார். டீக்கடைக்குத் தெரிந்தது ஒலிம்பிக் ஒன்றுதான். ஐம்பதை நெருங்கிய, தொந்தியும் மூட்டுவலியும் உள்ள மனிதரை அன்றிலிருந்து ஊரே ஒலிம்பிக் என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது. நான் உத்திரமேரூர் பஜாரில் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியுமாகப் பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் தெருவரை நிற்கும். மற்ற நாட்களில் நானும் விசிறியும்தான். அப்படி ஒரு நாளில் ஒலிம்பிக் காலி விதைப் பை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். ஏதோ வெளிநாட்டு மக்காச்சோள விதை. பையின் மேல், கையில் கதிர்க்கட்டோடு ஒரு பெண் படம். கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர்.

"இந்தம்மா யாருன்னு உன் பொட்டில கேட்டு சொல்லு தம்பி. மோட்டார் ரூம்ல மாட்டி வெச்சிக் கும்பிட்டுக்கினு கீறேன். பேரு ஊரு தெரியாம எத்தினி நாளு கும்பிடறது?"

கேட்டுச் சொன்னேன். டிமீட்டர். கிரேக்க நாட்டில் தானியம் விளைவிக்கும் தெய்வம். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "இப்பவும் யார்னா கும்பிடறாங்களா பாரு" என்றார். பார்த்தேன். கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில், பிரேசிலில், கிரேக்கத்திலேயே கூடக் கொஞ்சம் பேர் அந்தப் பழைய சாமிகளை மறுபடி கும்பிட ஆரம்பித்து, இணையத்தில் குழு வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக் அன்றைக்கே உறுப்பினர் ஆனார். டிமீட்டர் முதன்முதலாக ஏர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த ஆளின் பெயரைக் குழுவில் தன் பெயராக வைத்துக்கொண்டார். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். என் ஆங்கிலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பக்திதான் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

குழுவில் ஓர் அமெரிக்க அம்மாள் இருந்தார். வீட்டில் மற்றவர்கள் பார்த்தால் சண்டை வரும் என்று சாமிப் படங்களைத் துணி அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடுவதாக எழுதியிருந்தார். ஒலிம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொடவைக்கு நடுவுல சாமியா? மூச்சு முட்டாது? இங்க அனுப்பி வெக்கச் சொல்லி எழுது தம்பி. நம்ம மோட்டார் ரூம்ல எடம் கீது."

குழுத் தலைவர் வேறு மாதிரி ஆள். யார் எதைச் சொன்னாலும் "இது எந்தப் பழைய நூலில் இருக்கிறது, எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?" என்று கேட்பார். சாமிக்குத் திராட்சை மது ஊற்றுவது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கம் அதற்கு எங்கே போவது? இளநீர் ஊற்றலாமா என்று ஒலிம்பிக் கேட்டார். ஆதாரம் உண்டா என்றார் தலைவர்.

"எங்க உத்திரமேரூர் கோயில் செவுரு முச்சூடும் கல்வெட்டுதான்னு எழுது" என்றார் ஒலிம்பிக்.

எழுதினேன். அதில் இளநீர் பற்றி இருக்கிறதா என்று பதில் வந்தது.

"இல்ல, எலெக்சன் பத்தி கீதுன்னு எழுது."

அதையும் எழுதினேன்.

வீட்டிலும் நிலைமை சுமுகமாக இல்லை. எந்தப் படையலிலும் முதல் பங்கு அடுப்பில் இருக்கும் ஹெஸ்டியா என்கிற தெய்வத்துக்குப் போக வேண்டுமாம். ஒலிம்பிக்கின் மனைவி அப்போதுதான் கேஸ் அடுப்புக்கு மாறியிருந்தார். தினமும் முதல் இட்லியின் ஒரு துண்டு பர்னருக்குள் போனது. மூன்றாவது முறை பர்னர் அடைத்துக்கொண்டபோது அந்த அம்மாள், "எத்தினியோ சாமி கீது, இதுங்களும் இருந்துட்டுப் போவட்டும். எங்கேயிருந்து வந்துதோ தெரியாது, பாத்திரம் மட்டும் தனியா வெச்சிடு" என்று சொல்லி, பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மோட்டார் ரூமுக்கு அனுப்பிவைத்தார். நான் அச்சடித்துக் கொடுத்த மற்ற சாமிகளும் ஒலிம்பிக்கும் அங்கே நிம்மதியாகத்தான் இருந்தார்கள். ஹெகாட்டி வந்த பிறகுதான் பேஜாரானது.

ஹெகாட்டி முச்சந்திகளின் தெய்வம். நிலவில்லாத நாளில் முட்டை, பூண்டு, வெங்காயம், ரொட்டி எல்லாவற்றையும் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று குழுவில் எழுதியிருந்தார்கள். கேட்டதும் ஒலிம்பிக் பூரித்துப்போனார். ஆதாரம் கேட்டே பழகிய தலைவரே இதற்கு நான்கு நூல்களைக் காட்டியிருந்தார். ஆகவே அந்த அமாவாசை அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், இலையில் ஒரு முட்டை, நாலு பல் பூண்டு, ஒரு வெங்காயம், ரொட்டிக்குப் பதில் ஒரு பன் வைத்து, முச்சந்தியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

அமாவாசையில் முச்சந்தியில் முட்டை வைத்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஒலிம்பிக்குக்கும் தெரியும். ஆனால் அது உள்ளூர் முட்டை, இது கிரேக்க முட்டை என்று அவர் பிரித்துவைத்திருந்தார்.

அந்த முச்சந்தியை ஒட்டிய வீடு கனகம்மாளுடையது. கணவர் இல்லை. இரண்டு மாடும் ஊரே ஒதுங்கிப் போகிற ஒரு வாயும் உண்டு. அவர் இலையைப் பார்த்த மறுநாள் ஒரு மாடு பால் கறக்கவில்லை. செய்வினை என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. யார் வைத்தது என்று பூசாரி கேட்டு முடிப்பதற்குள் ஒலிம்பிக் எழுந்துவிட்டார்.

"நான்தான் வெச்சேன் யக்கா. செய்வென இல்ல. அது சாமிக்கு."

"எந்த சாமி பன்னு துன்னுது?"

இந்தக் கேள்விக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் நல்லது செய்வதாக நினைத்து ஹெகாட்டியின் படத்தை அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று முகம், கையில் தீப்பந்தம், இடுப்பில் பாம்பு, பக்கத்தில் நாய். என் பிரிண்டரில் மை வேறு தீர்ந்துகொண்டிருந்தது. படம் கைமாறக் கைமாறக் கூட்டம் ஒலிம்பிக்கை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

"இன்னா வேலை இந்தம்மாவுக்கு?" என்று கேட்டார் பூசாரி. அவருக்கு எல்லாச் சாமியையும் வேலை கேட்டுத்தான் பழக்கம்.

ஒலிம்பிக் சொன்னார். டிமீட்டருக்கு ஒரே மகள். பூப் பறித்துக்கொண்டிருந்தவளைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டான். தாய்க்காரி சோறு தண்ணி இல்லாமல் ஊர் ஊராகத் தேடினாள். எந்தச் சாமியும் வாய் திறக்கவில்லை. ஹெகாட்டி மட்டும்தான் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, உன் பொண்ணு அழுத சத்தம் என் காதில் விழுந்தது, வா தேடலாம் என்றாள்.

கனகம்மாள்தான் கேட்டார்.

"பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சி யக்கா. வருசத்துல பாதி நாளு அம்மா வூட்ல, பாதி நாளு புருசன் வூட்ல."

"பாதி நாளா" என்றார் கனகம்மாள். "குடுத்து வெச்சவ."

யாரும் சிரிக்கவில்லை. கனகம்மாளின் மகளைத் தை மாதத்தில்தான் திருமுக்கூடலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலை ஆடி வந்துகொண்டிருந்தது. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இரண்டாவது அப்பளம் வைக்காத குற்றத்துக்காக, ஆடிக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அது ஊருக்கே தெரியும்.

ஆனாலும் கூட்டம் கூடிய பிறகு முடிவு இல்லாமல் கலைய முடியாது. அம்மனிடமே பூ கட்டிக் கேட்பது என்று ஆனது. வெள்ளைப் பூ வந்தால் சாமிகள் இருக்கலாம். சிவப்பு வந்தால் மோட்டார் ரூமில் உள்ள அத்தனை படமும் ஏரிக்குப் போக வேண்டும். பூசாரி இரண்டு பொட்டலம் கட்டிப் போட்டார். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார். ஒலிம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எந்தச் சாமியை வேண்டினார் என்று தெரியாது. அவருக்குத்தான் வசதி அதிகம்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிவப்பு.

ஒலிம்பிக் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அம்மா சொல்ட்டாங்க. காலைல எடுத்துர்றேன்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

"இரு பூசாரி" என்றார் கனகம்மாள். "அம்மாவாண்ட நீ இன்னான்னு கேட்ட?"

"ஊருக்குள்ள இருக்கலாமான்னு."

"ஊருக்குள்ள வாணாம்னுட்டா. மோட்டார் ரூமு ஊருக்குள்ளயா கீது? கயனியிலதான கீது? அத்த கேக்கவே இல்லியே நீ."

பூசாரிக்கு இது புதிதல்ல. பூ சரியாக வராவிட்டால் கேள்வியைத் திருத்திக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம்தான். மறுபடி பொட்டலம் கட்டினார், மறுபடி குழந்தை எடுத்தது. வெள்ளை. முட்டையை இனிமேல் முச்சந்தியில் வைக்காமல், கழனிப் பாதை பிரிகிற இடத்தில் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்துக் கலைந்தோம்.

கனகம்மாளுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்யாமல் ஒலிம்பிக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சென்டருக்கு வந்து, "பொண்ண அனுப்பற வரிக்கும் டிமீட்டரம்மா இன்னா பண்ணாங்க தம்பி?" என்று கேட்டார்.

"பூமில ஒரு பயிர் மொளைக்காம நிறுத்திட்டாங்கண்ணா."

யோசித்தார். "பூமி முச்சூடும் நம்மளால ஆவாது. திருமுக்கூடல்ல ஒரு கயனி ஆவும்."

கனகம்மாளின் சம்பந்தி நிலத்துக்கும் உழவு ஓட்டுவது அவர்தான். ஆனி முடிகிற சமயம். ஆடியில் விதைக்க எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள்; வேறு டிராக்டர் கிடைப்பது கஷ்டம். நானும் சென்டரைப் பூட்டிவிட்டு டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு போனேன். சரியாகப் பாதி வயல் உழுததும், நட்ட நடுவில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்தார். வரப்பிலிருந்து சம்பந்தி கேட்டார்.

"இன்னா ஒலிம்பிக், டீசல் இல்லியா?"

"டீசல் கீது."

"ரிப்பேரா?"

"வண்டி நல்லா கீது."

"பின்ன இன்னாத்துக்கு நிக்குது?"

"கனகம்மா பொண்ண தலை ஆடிக்கு அனுப்பு நைனா. மீதிய ஓட்டறேன்."

"என் மருமவ போறதுக்கும் என் கயனிக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

இதைத்தான் ஒலிம்பிக் எதிர்பார்த்தார். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பூப் பறித்தது, பாதாளம், தீப்பந்தம், காய்ந்துபோன பூமி, ஒன்றும் விடவில்லை. நடுநடுவே இளநீரை வயலில் ஊற்றினார். மத்தியானம் ஆவதற்குள் வரப்பு முழுக்கப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். சம்பந்தி கத்திக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி, அதாவது அந்தப் பெண்ணின் மாமியார், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

பிறகு புருஷனைப் பார்த்து, "என் தலை ஆடிக்கு எங்கம்மா வாசல்லயே குந்திக்கினு இருந்துச்சாம். உங்க அம்மா அனுப்பல. இது அப்பளத்துக்கோசரம் பண்ற கதையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் மருமகள் துணிப்பையோடு வரப்பில் வந்து நின்றாள்.

ஒலிம்பிக் மீதி வயலை உழுது முடித்தார். இந்தப் பக்க மட்கார்டில் நானும் அந்தப் பக்க மட்கார்டில் அந்தப் பெண்ணுமாகக் காவாந்தண்டலத்துக்குத் திரும்பினோம். டிராக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்த கனகம்மாள் மகளைப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவர், திரும்பி வந்து டிராக்டரின் முன்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒலிம்பிக் கூச்சத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் சென்டருக்கு வந்து, குழுவுக்கு எழுத வேண்டும் என்றார்.

"என்னண்ணா எழுதறது?"

"பொண்ணு அம்மா வூட்டுக்கு வந்துட்டான்னு எழுது. அவ்ளோதான்."

"யார் பொண்ணுன்னு கேப்பாங்களேண்ணா."

"கேக்க மாட்டாங்க தம்பி. அவங்களுக்கும் தெரிஞ்ச பொண்ணுதான்."

அப்படியே தட்டி அனுப்பினேன். எனக்கு அன்றைக்கும் சாமி நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஒலிம்பிக்கை நேருக்கு நேராக நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். வேறு யாராவது செய்தால் மட்டும் எனக்குப் பொறுக்காது.