ஜேபஸ் தாத்தா எந்தக் கரையில் மோதிரம் மாட்டினார்

மரூபா, தென்கரை
அக்டோபர் 9

அன்பும் மரியாதையும் கலந்த மெர்ல் அக்காவுக்கு, தம்பி ஆல்வின் பாஸ்கோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோரலும் சுகம், கோழிகளும் சுகம், நாய்க்கு மட்டும் காது வலி. அதுபோல் டாஸ்மேனியாவில் நீயும் ராஸ் அத்தானும் அத்தானின் புது முழங்காலும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள்வானாக.

டாம்சின் கல்யாணத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை ரத்து செய்துவிடு. கல்யாணம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு நடக்கும். நான்தான் போகப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவனே போகாத கல்யாணத்துக்கு அத்தை மட்டும் தொப்பி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? என்னடா இது, ஒற்றைப் பெண் கல்யாணத்தில் இப்படிப் பேசுகிறானே என்று நீ பதறுவாய். எல்லாம் நம் கொள்ளுத்தாத்தா ஜேபஸ் பாஸ்கோவால் வந்த வினை.

மாப்பிள்ளை டெக்லான் தங்கமான பையன், அதில் குறையே இல்லை. ஆனால் வடகரைக்காரன். முர்ரே ஆற்றுக்கு அந்தப் பக்கம், நமக்கு விக்டோரியா என்றால் அவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ். அவன் அம்மா பெர்னடெட் ப்ரோஃபி இருக்கிறாளே, சம்பந்தியம்மா, அவள் போன மாதம் நம் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே, நான் வாங்கி வைத்த லாமிங்டன் கேக்கில் மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டே, "கல்யாணத்த எங்க கரையிலயே வச்சுக்கலாம் சம்பந்தி, நிழல் நல்லாருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஜேபஸ் தாத்தா 1871ல தென்கரையில, இதோ இந்த மரத்தடியிலதான் கல்யாணம் கட்டினாரு. பாஸ்கோ வீட்டுக் கல்யாணம்னா அது இங்கதான்" என்றேன். நம் நிலத்தின் ஓரத்தில் நிற்கும் சிவப்புத் தைலமரம் உனக்கு நினைவிருக்கும், ஆதிக்குடிகள் ஓடம் செய்யப் பட்டை உரித்த நீள வடு இருக்குமே, அதுதான். அவள் கேக்கை மென்று முழுங்கிவிட்டு, "யாரு பார்த்தா?" என்று கேட்டாள். வார்த்தை தடித்தது. கடைசியில் டாம்சின் எழுந்து, "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அப்பா, ஜேபஸ் தாத்தா எங்க நின்னு கட்டினாரோ அங்கயே நானும் கட்டிக்கிறேன். கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் சொன்னது பொய்யாப் போனா, பூட்ஸ் இல்லாம வெறும் சாக்ஸோட பாலத்தத் தாண்டி வடகரைக்கு வர்றேன்" என்று சவால் விட்டேன். கோரல் தலையில் கை வைத்தாள்.

மறுநாளே பழைய வெண்ணெய் ஆலையில் இயங்கும் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போனேன். அங்கே எட்னா வில்காக்ஸ்தான் எல்லாம். அந்தக் காலத்துப் பத்திரிகையைத் தேடி எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி வாசித்தாள். மணமகன் ஜேபஸ் பாஸ்கோ தென்கரை மெதடிஸ்ட், மணமகள் ஹானோரா மினோக் வடகரைக் கத்தோலிக்கப் பெண். இவர் அப்பா அந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்றார், அவள் அப்பா இந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்றார். ஆகவே, பாலம் இல்லாத அந்த நாளில் வடம் கட்டி இழுத்த ப்ரோஃபி மிதவையில், ஆற்று நடுவில் திருமணம் இனிதே நடந்தது என்று பத்திரிகைக்காரன் போட்டிருந்தான். மரத்தடி போனாலும் பாதி ஆறு நம்முடையதுதானே என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். எட்னா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆல்வின், போன வருஷம் உன் தூண்டில்ல காட் மீன் மாட்டினப்போ உனக்கு அபராதம் போட்டது எந்த மாநிலத்துக்காரன்?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆற்றுத் தண்ணீர் மொத்தமும், நம் கரையின் விளிம்பு வரைக்கும், நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். இது தெரியாமலா நான் அறுபத்தெட்டு வருஷம் ஆற்றோரம் குப்பை கொட்டினேன், சொல். அதோடு விட்டாளா? "அவங்களுக்குக் கட்டி வச்ச பாதிரியார் நம்ம கரைக்காரரு, அவருக்கு விக்டோரியாவுல மட்டும்தானே கல்யாணம் பண்ணி வைக்க அனுமதி. அப்போ உங்க தாத்தா கல்யாணமே செல்லாதேப்பா" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து சொன்னால் கோரல், "அப்போ நான் எந்த வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டேன்?" என்கிறாள்.

சரி, செத்த பிறகாவது மனுஷன் நம் கரையில்தானே கிடப்பார், கல்லறையில் ஏதாவது எழுதியிருக்கும் என்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இது மேக்பை குஞ்சு பொரிக்கும் காலமல்லவா, அந்தப் பறவை பின்னாலிருந்து வந்து தலையைக் கொத்திவிடுமே என்று ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்பக்கம் இரண்டு கண் வரைந்துகொண்டு போனேன். நம் கரைக் கல்லறையில் ஜேபஸ் இல்லை. வரிசை வரிசையாகத் தேடியும் இல்லை. மனசு கேட்காமல் பாலம் தாண்டி வடகரைக் கல்லறைக்குப் போனால், அக்கா, அங்கே மினோக் கூட்டத்துக்கு நடுவில் சாவகாசமாகப் படுத்திருக்கிறார். கல்லில் பொறித்திருப்பதைப் பார்த்தால், கல்யாணத்துக்கு அப்புறம் சாகும் வரை மாமனார் வீட்டில், அவர் மாட்டை மேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நம் வம்சத்தின் முதல் ஆண்மகன், நான் மூச்சுக்கு மூச்சு பெருமை பேசிய மனுஷன், வீட்டோடு மாப்பிள்ளை! நம் தாத்தா காலத்தில்தான் திரும்ப இக்கரைக்கு வந்திருக்கிறோம். நான் திகைத்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "சம்பந்தி, டப்பாவுல வெனிலாவா சாக்லேட்டா?" என்றது. பெர்னடெட். அவள் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைக்க வந்திருக்கிறாள். நான் டப்பாவைக் கழற்றினேன், உடனே மேக்பை கொத்திவிட்டது.

அன்று சாயங்காலம் எல்லாம் கேள்விப்பட்டு டாம்சின் போன் செய்து, "அப்பா, அப்போ வடகரைதானே? சாக்ஸ் துவைச்சு வைக்கவா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். தலையில் கட்டு, மனசில் காயம். "உங்க கல்யாணத்த நீங்களே பண்ணிக்கோங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டேன். அப்புறம், "சரிப்பா. நான் தனியாவே நடந்து வந்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போன் வரவில்லை. கோரல் என்னோடு நாய் மூலமாகத்தான் பேசுகிறாள். எனக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை, ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? நீயாவது என் பக்கம் நில். வராதே.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் நூறாண்டு காலம் ஒரே கரையில் வாழ வாழ்த்தும்,
உன் தம்பி,
ஆல்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் பெர்னடெட். கையில் ஒரு பழக் கேக், கக்கத்தில் சட்டம் போட்ட ஒரு பழைய போட்டோ. "இது உங்க வீட்டு ஆளுங்க படம், சம்பந்தி. மிதவை ஓட்டின எங்க மாமனார் வீட்டுப் பரம்பரையில வந்தது. உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம்" என்று மேசை மேல் வைத்தாள். பார்த்தேன். ஊர் ஊராகச் சுற்றின எவனோ படக்காரன் அன்றைக்கே எடுத்திருக்கிறான். கரையில் ஒதுக்கிய மிதவை முழுக்க ஆடுகள், நிற்க ஒரு சாண் இடமில்லை. அதனால் எல்லோரும் இறங்கி நிற்கிறார்கள். பாதிரியார் புத்தகத்தை விரித்திருக்கிறார், ஜேபஸ் மோதிரத்தோடு நிற்கிறார், ஹானோரா சிரிப்பை அடக்குகிறாள். அவர்கள் தலைக்கு மேலே, பட்டை உரித்த அந்த நீள வடு. நம் மரம், அக்கா. நம் மண். பத்திரிகைக்காரன் வராமலே எழுதியிருக்கிறான்.

ஜெயித்துவிட்டேன் என்று கத்த வாயெடுத்தேன். நிமிர்ந்து பெர்னடெட்டைப் பார்த்தேன். அவள் மேசையிலிருந்த என் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டு, "ஆடுங்க அழகா இருக்குல்ல?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாள். "பொண்ணு அழுதுக்கிட்டே இருக்கா, சம்பந்தி. இத அவகிட்ட காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம். எந்தக் கரையா இருந்தாலும் நான் நாற்காலி தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தேன். அப்புறம் அவளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு டாம்சினுக்குப் போன் போட்டு, "ஏம்மா, வடகரைக்கு எந்தக் கலர் சாக்ஸ் போட்டுட்டு வர?" என்று கேட்டேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கே கண் மறைத்துவிட்டது.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. டிக்கெட்டை வைத்துக்கொள். வடகரைக்கு வா, மேக்பைக்கு நல்ல தொப்பியாகக் கொண்டு வா. தாத்தா கல்யாணம் செல்லும் என்பது உனக்கும் எனக்கும் பெர்னடெட்டுக்கும் மட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்கள் நம் வம்சத்தைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போகட்டும். படத்தைப் போர்வைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்ததும் உனக்குத் தனியாகக் காட்டுகிறேன். ஆடுகள் நிஜமாகவே அழகாகத்தான் இருக்கின்றன.