முறையான எண் உடையோர் மட்டும்

இனித் தம் வீட்டு விழாவுக்கு யார் வருவது, யார் வராதிருப்பது என்பதைக் கணினியே முடிவு செய்யும் என்று நல்லகாமன் முழங்கியபோது, அவர் மனைவி ஜெயக்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. தம் ஆணைக்கு அஞ்சிவிட்டாள் என்று அவர் மகிழ்ந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு புதுமனை புகுவிழாவுக்கு மேலூர்ப் பக்கத்திலிருந்து மனைவியின் ஊரார் லாரி ஏறி வந்தார்கள். பந்தி பந்தியாய் அவர்களே அமர்ந்தார்கள். நல்லகாமனின் அண்ணன் மொக்கையன் இலைக்குக் காத்துக் காத்துப் பசியோடு பஸ் ஏறினார். "இன்னொரு தடவை இப்பிடி நடந்துச்சு, உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாதுடா" என்பது அவர் ஏறும்போது சொன்னது. இப்போதோ மகளுக்குக் காதுகுத்து. வண்டியூரில் மண்டபமும் பிடித்தாயிற்று.

எனவே, சிம்மக்கல் மாலைக் கணினி வகுப்பில் கற்ற கல்வி களம் இறங்கியது. பெயர், ஊர், தொலைபேசி எண் என்று கணினியில் ஒரு படிவம் செய்தார் நல்லகாமன். எண்ணுக்குரிய கட்டத்தில்தான் சூழ்ச்சி. ஊர்க்குறியீடு, சிறுகோடு, பிறகு ஏழு இலக்கம். இந்த முறை பிசகினால் கணினிப் பெட்டி ஏற்காது. ஒருமுறை வந்த எண் மறுமுறை வந்தாலும் ஏற்காது. ஜெயக்கொடியின் ஊரில் தொலைபேசி இருந்ததோ சோணையின் டீக்கடையில் மட்டும். ஊரே அந்த எண்ணைத்தான் தன் எண்ணாகச் சொல்லும்.

"தாய்மாமன் மடியில வைக்காம காது குத்த முடியுமா? மொதல்ல என் தம்பி பேரைப் போடுங்க" என்றாள் ஜெயக்கொடி.

நியாயம்தான். டீக்கடை எண்ணோடு தம்பி உள்ளே போனான்.

"அடுத்து எங்க சித்தப்பா."

"நம்பரு?"

"அதே சோணை அண்ணன் கடைதான்."

டொய்ங்!

"என்னங்க இது, இருமுது?"

"இருமலை. ஏத்துக்க மாட்டேங்குது."

"பெரியம்மா?"

டொய்ங்!

"அப்ப எங்க ஊருக்கு அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். நம்பரு ஒண்ணு, ஆளு ஒண்ணு. நான் என்ன செய்ய? மிஷினு சொல்லுது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஜெயக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். "சரிங்க. உங்க ஆளுகளை நானே ஏத்திர்றேன். எப்பிடி அடிக்கிறதுன்னு மட்டும் காட்டிட்டு ஆபீசுக்குப் போங்க."

நல்லகாமனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஒரு மனைவியையா சந்தேகித்தோம் என்று தம்மையே கடிந்துகொண்டு கிளம்பினார். மாலையில் வந்து கேட்டார். "எல்லாம் முடிஞ்சுதா?"

"கூப்பிட வேண்டியவுகளை எல்லாம் கூப்பிட்டாச்சுங்க."

விழா நாள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற நல்லகாமனின் எதிரே ஒரு லாரி நின்றது. பின்னாலேயே இன்னொன்று. முதலில் குதித்தவர் சோணை.

"என்ன மாப்ள! நம்ம கடை நம்பரையே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீகளாமே! தங்கச்சி போன்ல சொல்லுச்சு. நம்பரு ஊருக்கே பொதுவில்ல? கோயில் மைக்குக் குழாயில சொல்லிட்டேன், மொத்த ஊரும் கெளம்பிருச்சு!"

ஐயோ, அண்ணனுக்கு இலை! சந்தனம் சிந்தச் சிந்த நல்லகாமன் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். அங்கே முதற்பந்தியின் முதல் இலையில், தாய்மாமனுக்குப் பக்கத்தில், மொக்கையன் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வந்துட்டீகளா!"

"எங்கிட்டப் பேசாத. வீட்டுப் போனை எடுத்துட்டு ஆசையா செல்போன் வாங்குனேன். அந்த நம்பரு செல்லாதுன்னுச்சாமே உன் பெட்டி? நம்ம சொந்தத்துல செல்போன் வச்சிருந்த அம்புட்டுப் பேரையும் தள்ளிருச்சாம். ஜெயக்கொடிதான் தாம்பாளத்தோட வீடு வீடா வந்து கூப்பிட்டுச்சு. அது மொகத்துக்காக வந்தேன்."

பந்தி மேல் பந்தி நடந்தது. இரு பக்கத்தாரும் வயிறு குளிர்ந்து, ஜெயக்கொடியைப் புகழ்ந்து, வெற்றிலை போட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைசியில், பசியில் காதடைத்த நல்லகாமன் சமையற்கட்டுக்குள் தலையை நீட்டினார். சட்டிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"ஜெயக்கொடி, எனக்கு?"

அவள் கன்னத்தில் கை வைத்தாள். "அய்யய்யோ! உங்க நம்பரை நீங்க அந்தப் பெட்டியில ஏத்தவே இல்லையேங்க!"