ஒற்றைக்கொம்பனின் தாடி

எடின்பரோ நாணயச்சாலையில் காசடிக்கும் இரும்பு அச்சுகளை வெட்டும் டூகல் ஒரு முடிவுக்கு வந்தான். வீட்டில் இனி அவன் இருக்க வேண்டும், அல்லது ஆடு இருக்க வேண்டும்.

ஆடு அவன் மனைவி மரியட்டுடையது. கல்யாணத்தன்று அவளோடு வந்து, அன்றே அவன் தொப்பியைத் தின்றது. நேற்று கோயிலுக்குப் போடும் காற்சட்டையைத் தின்றது. விற்றுவிடலாம் என்றால், மரியட் "யாரை?" என்று கேட்பாள்.

ஆகவே டூகல் தந்திரம் செய்தான். அரசரின் புதிய தங்கக் காசில் ஒற்றைக்கொம்புக் குதிரை வர வேண்டும். கழுத்தில் கிரீடம், முன்காலில் சிங்கக் கேடயம்.

"அதை எவன் பாத்திருக்கான்? தாடியும் பிளந்த குளம்பும் இருக்குமாம். நம்ம ஆட்டைப் பாக்காம என் கை ஓடாது" என்றான். நாணயச்சாலைக்குப் போகும் வழியில் ஆட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்வதாகத் திட்டம்.

மரியட் ஆட்டின் கயிற்றைக் கையில் எடுத்தாள். "அரசர் வேலைக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன். அச்சு வேலை முடியட்டும், அப்புறம் வித்துக்கூடப் போடு. ஆனா கயித்தை நான்தான் பிடிச்சுக்கிட்டு வருவேன். உனக்கு அது அடங்காது."

சந்தை வந்தது, போனது. நாணயச்சாலைத் தலைவரிடம் அவன் சொன்னதையெல்லாம் அவளே சொன்னாள், ஆட்டைப் பார்க்காமல் கை ஓடாது என்பது உட்பட. தலைவர் ஆட்டை உலையருகே கட்டச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் டூகல் ஆட்டைப் பார்த்துப் பார்த்து அச்சை வெட்டினான். காசில் விழுந்த தாடியைத் தலைவர் வெளிச்சத்தில் பிடித்து மெச்சினார். டூகலுக்கும் மகிழ்ச்சிதான். வேலை முடிந்தது. அடுத்த சந்தைக்கு ஐந்தே நாள்.

நான்காம் நாள், சம்மட்டி அடியில் அச்சு இரண்டாகப் பிளந்தது. எந்த அச்சும் ஒருநாள் பிளக்கும். பதினாறு வருடம் அச்சு வெட்டியவனுக்கு அது மறந்துபோயிருந்தது. மரியட்டுக்கு மறக்கவில்லை.

"அதே தாடி வேணும். மயிரளவும் மாறக் கூடாது" என்றார் தலைவர். "ஆடு பக்கத்துலயே இருக்கட்டும். உனக்குத்தான் கை ஓடாதே."

வீட்டில் டூகல் மெல்லக் கேட்டான்: "இந்த வேலை எப்பத்தான் முடியும்?"

"அரசர் தங்கம் வேண்டாம்னு சொல்றப்ப" என்றாள் மரியட்.

மறுநாள் முதல் ஆட்டுக்கு நாணயச்சாலைச் செலவில் ஓட்ஸ் வந்தது. சாயங்காலம் டூகல் வீட்டுக்குக் கிளம்பத் தொப்பியைத் தேடினான். ஆடு இன்னும் மென்றுகொண்டிருந்தது.