பல்லும் சொல்லும் ஒரு சைக்கிளும்

எதிர்வீட்டுப் பல் டாக்டரை எதிலாவது தோற்கடித்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. அதனால் சபதத்தை மனசுக்குள்தான் எடுக்க முடிந்தது.

காரணம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தது. அதாவது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் மொழி டீச்சர். பாராட்டு என்ற பொருளைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கே 'பரவாயில்லை' என்றுதான் எழுதுவாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் கண்ணாடிக்காரருக்குக் கிடைத்ததும் அந்தப் 'பரவாயில்லை'தான். அப்படிப்பட்டவள் அன்று காலை கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்! டாக்டர் என்ன அழகா ஓடுறார்! கால் தரையில படுதா இல்லையான்னே தெரியல."

"படலைன்னா அது மனுஷன் இல்ல, பேய்."

"என்னது? பேயா?"

"பேஸ்ட்டு. காரமா இருக்குன்னேன்."

கண்ணாடிக்காரர் கொப்பளித்துத் துப்பிய வேகத்தில் வாஷ்பேசினே அதிர்ந்தது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டில் அவருடைய பார்வை முழுக்கச் சைக்கிள் மேல்தான். நீல நிறம், மெல்லிய டயர், கையால் தூக்கினால் பூனைக்குட்டி கனம். படுக்கையறையில், ஜன்னல் பக்கம், அதற்கென்று தனி இடம். மனைவிக்கு அலமாரி வைக்க இடமில்லை. கடையில் புதுக் கண்ணாடியோடு இலவசமாகக் கொடுக்கும் மெத்துத் துணியால் அதைத் தினமும் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதில் ஏறிக் கிளம்பிவிடுவார், பசி வந்தால்தான் திரும்புவார்.

சைக்கிளில் ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் அதைப் பார்க்க எந்தப் பால்கனியிலும் ஆளில்லை.

இரண்டு நாள் கழித்து டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள்.

"டூயத்லானாம். புதுசா வர்றவங்களுக்குன்னே நடத்துறாங்க."

"டூயத்லானா? யாரோட டூ விடணும்?"

"யாரோடயும் வேணாம். முதல்ல ஓட்டம், நடுவுல சைக்கிள், மறுபடி ஓட்டம். தனியாவும் செய்யலாம், ரெண்டு பேராச் சேர்ந்தும் செய்யலாம். ஒருத்தர் ஓடணும், ஒருத்தர் சைக்கிள். நான் ஓடுறேன், நீங்க சைக்கிள். சேர்ந்துக்கலாமா?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். அது அவர் செய்த தப்பு. கொஞ்சமாகச் சிரித்திருந்தாலும் பிழைத்திருப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"நீ ஓடுறியா? அடுப்புல பால் பொங்கினாலே நடந்துதானே போவே!"

டீச்சர் காகிதத்தை மடித்தாள். "சரி விடுங்க. எதிர்வீட்டு டாக்டரும் பேர் குடுக்கிறாராம். நான் சும்மா சொன்னேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "அவனா?"

"அவர்."

"தனியாவே போறேன்," என்றார் கண்ணாடிக்காரர். "சைக்கிள்ல அவரை ஊதித் தள்ளிடுறேன் பார்."

"நடுவுலதாங்க சைக்கிள். ரெண்டு பக்கமும் ஓட்டம் இருக்கு."

"ஓட்டம் பெரிய வித்தையா? சைக்கிள் இல்லாம சைக்கிள் ஓட்டுற மாதிரிதானே!"

அப்படி இல்லை என்பது முதல் நாள் பயிற்சியில் தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அவர் ஓடினார், கூடவே தொப்பையும் ஓடியது, ஆனால் இரண்டும் ஒரே தாளத்தில் ஓடவில்லை. மறுநாள் படியிறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு மாற்றம். டீச்சர் புதுக் காலணி வாங்கினாள். காலையில் 'நடக்கப் போறேன்' என்று கிளம்பினாள். திரும்பும்போது முகம் பளபளவென்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

ஒரு நாள் கண்ணாடிக்காரர் பின்னாலேயே போனார். பூங்கா வாசலில் நின்ற வேனுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தால், டீச்சர் குனிந்து காலணி நாடா கட்டுகிறாள். பக்கத்தில் பல் டாக்டர். கையில் டீச்சருடைய தண்ணீர் பாட்டில்! ஒரு கைக்குழந்தையை ஏந்துகிற பக்குவத்தில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

அந்த நேரம் பார்த்து வேன் கிளம்பிப் போய்விட்டது. நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் கண்ணாடிக்காரர்.

"குட்மார்னிங் அங்கிள்!" என்றார் டாக்டர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"அதென்ன, உன்னை டீச்சர்ங்கிறான், என்னை மட்டும் அங்கிள்ங்கிறான்?"

"மரியாதைங்க."

"உன் பாட்டிலை எதுக்கு அவன் பிடிக்கணும்?"

"நாடா கட்ட எனக்கு ரெண்டு கை வேணும்ல?"

"ஏன், கீழ வைக்கிறது?"

"மண்ணு ஒட்டாதா? ஆமா, நீங்க அங்க வேனுக்குப் பின்னால என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பயிற்சி," என்றார் கண்ணாடிக்காரர். "உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி."

"எழுந்திருக்கவே இல்லையே!"

போட்டி நாள் வந்தது. தனி ஆட்களை முதலில் விட்டார்கள், ஜோடிகளைக் கொஞ்சம் கழித்து. தனி ஆட்கள் வரிசையில் கண்ணாடிக்காரர் கழுத்தை நீட்டி நீட்டித் தேடினார். பல் டாக்டரைக் காணோம். பயந்து வீட்டிலேயே படுத்துவிட்டான் என்று நினைத்ததும் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் விசிலுக்கு முன்னாலேயே ஓடி, நடத்துகிறவர்கள் கூப்பிட்டு நிறுத்திய பிறகு மறுபடி ஓடினார். முதல் ஓட்டம் முடிந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டே பேர். அதில் ஒருத்தர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

மூச்சு வாங்கச் சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தால், அங்கே பல் டாக்டர்! ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், முன்கூடை வைத்த இரவல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வாங்க அங்கிள், வாங்க வாங்க!"

இவன் ஏன் இங்கே நிற்கிறான்? ஓடத் தெரிந்தவனுக்குச் சைக்கிளில் என்ன வேலை? கண்ணாடிக்காரர் குழப்பத்தில் ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டினார். அப்போதுதான் மைக் அலறியது.

"ஜோடிகளில் முதலாவதா வர்றது, 'பல்லும் சொல்லும்' அணி! கைதட்டுங்க!"

வந்தது அவர் மனைவி. ஓடித்தான் வந்தாள். பால் பொங்கினால் நடந்து போகிறவள், மான் மாதிரி வந்து, தன் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கழற்றிப் பல் டாக்டரின் கையில் கட்டினாள். கல்யாணத்தன்று கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்தபோதுகூட இவ்வளவு சுறுசுறுப்பு காட்டவில்லை.

"போங்க டாக்டர், சீக்கிரம்!"

கண்ணாடிக்காரரை அவள் பார்த்தாள். "ஏங்க, ஹெல்மெட் திரும்பியிருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

பொறாமைக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பது கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிதித்தார். ஒவ்வொரு மிதியிலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மணிக்கட்டு, ஒரு 'அங்கிள்'. முதல் திருப்பத்திலேயே டாக்டரைப் பிடித்துவிட்டார். டாக்டர் கைப்பிடியை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, யாருமே குறுக்கே வராத சாலையில் விடாமல் மணி அடித்துக்கொண்டு போனார். தாண்டும்போது கண்ணாடிக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்க்கத்தான் அந்தச் சாலையில் யாருமே இல்லை.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் இரண்டும் வேறு யாருடையவையோ ஆகிவிட்டன. ஓடு என்றால் வளைகின்றன. மனைவி மரத்தடியில் உட்கார்ந்து டாக்டருக்காகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே தடுமாறிக் கடந்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார், பின்னால் டப் டப் என்று காலடிச் சத்தம்.

"என்னங்க, முடியலையா?"

"நீ... எப்பலேருந்து... ஓடுற?"

"நீங்க சிரிச்ச அன்னிலேருந்து."

கண்ணாடிக்காரருக்கு மூச்சு விடவே வழியில்லை. பிறகு, தொண்டையிலிருந்து இல்லை, அதற்கும் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா. அடுத்த தடவை... அவன்கூட வேணாம். என்கூட வா."

"யோசிக்கணும்."

"நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"என்ன சொன்னாலுமா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். உன் மேல சத்தியம்."

"என் மேல வேணாம். சைக்கிள் மேல பண்ணுங்க."

பண்ணினார். உடனே அவள் கையை ஆட்டிவிட்டுப் பாய்ந்து போய்விட்டாள்.

அவர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார்.

"சைக்கிள்ல காத்து மாதிரி போனீங்க அங்கிள்! எனக்குச் சைக்கிள்னாலே நடுக்கம். டீச்சர்தான் விடலை. 'இந்த ஒரு தடவை என்கூடச் சேருங்க டாக்டர், அடுத்த தடவை அவரே கெஞ்சிக்கிட்டு வருவார்'னு சொன்னாங்க. அதேதான் நடந்திருக்கு போல!"

கண்ணாடிக்காரர் பாதிப் பழத்தோடு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவருடைய மெத்துத் துணியால்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ நிம்மதி. பொறாமைப்பட இனி யாருமில்லை. அவளுக்கு ஜோடி அவர்தான்.

"சரி, தோத்துட்டேன். அடுத்த போட்டிக்குப் பேர் குடுத்திடலாம்."

"போன மாசமே குடுத்தாச்சு. உங்க பேரும் என் பேரும்."

"அடிப்பாவி!" என்று சிரித்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "பார், சைக்கிள்ல எப்படி ஒரு கலக்குக் கலக்கறேன்னு!"

டீச்சர் அவருடைய நீலச் சைக்கிளின் சீட்டை ஒரு விரற்கடை இறக்கி, ஏறி உட்கார்ந்து, மிதியில் கால் வைத்தாள்.

"சைக்கிள் நான்தாங்க. நீங்க ஓட்டம். வாங்க, வீடு வரைக்கும் பின்னாலேயே ஓடி வாங்க."